பத்தொன்பது படி

‘மணிக்கூண்டு’ என்ற இசை நாடகத்தை ஆயிரம் தடவைக்கு மேல் காதால் கேட்டுவிட்டு, ஒரு தடவைகூட உட்கார்ந்து கண்ணால் பார்க்காத ஆள் ஒருத்தி இருந்தாள். அந்த அரங்கத்தின் பக்கவாட்டு நடையில் டீ விற்பவள்தான் அவள். வயது ஐம்பத்தாறு. வருகிற போகிற எல்லோருக்கும் அவள் டீயக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டென்றாலும், வியாபாரத்தில் இதையெல்லாம் பார்த்தால் முடியுமா என்று விட்டுவிட்டாள்.

பார்க்காததற்குக் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. முதல் பாகம் நடக்கும்போது பால் காய்ச்ச வேண்டும், காகிதக் கோப்பைகளை அடுக்க வேண்டும், பன்னை வெட்டி வெண்ணெய் தடவ வேண்டும். இரண்டாம் பாகம் நடக்கும்போது ஜனங்கள் சிந்திவிட்டுப் போனதைத் துடைக்க வேண்டும். இடைவேளைக்குச் சற்று முன்னால் வருகிற ஏணிப் பாட்டுதான் நாடகத்தின் உயிர் என்பார்கள். அவளுக்கோ அது அடுப்புக்கான மணி. பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும் பாலை ஏற்றுவாள். கதாநாயகன் ஏணியின் உச்சிக்குப் போய் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிறுத்துவான். அப்போது டீத்தூளில் கொதிநீர் விழும். கைதட்டல் அடங்கிக் கதவு திறப்பதற்கும் நூற்றிருபது கோப்பை நிறைவதற்கும் சரியாக இருக்கும்.

ஏணியில் ஏறுகிற அந்தக் கதாநாயகன் அவளுடைய வீட்டுக்காரர்.

நாடகத்தின் கதை லேசானது. ஊரை விட்டுப் போகப்போகிற ஒரு பெண்ணை நிறுத்துவதற்காக, மணிக்கூண்டைக் காவல் காக்கும் இளைஞன் ஊர்க் கடிகாரத்தையே நிறுத்தக் கிளம்புகிறான். பெண் கீழே நின்று பாட, அவன் பத்தொன்பது படி கொண்ட ஏணியில் பாடிக்கொண்டே ஏறுவான். அந்தக் காலத்தில் எட்டே தாள வட்டத்தில் உச்சிக்குப் போய்விடுவார் அவர். ஏழு வருஷம் விடாமல் ஓடிய நாடகம். ஊரில் அவருக்குக் கூண்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர்களுடைய கல்யாணமே அந்த டீக் கடையில்தான் நிச்சயமானது என்று சொல்ல வேண்டும். நாடகம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் இடைவேளையில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் வந்து டீ கேட்டான். ஜனங்கள் நாடகத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தான். அப்போது அவள் தன் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். பாட்டு நல்லாயிருக்காம், ஆனால் ஆள் விறகுக்கட்டை மாதிரி நிற்கிறானாம் என்று கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிட்டாள். துண்டு விலகியபோதுதான் அந்த விறகுக்கட்டை யார் என்று தெரிந்தது. மறு வாரமும் வந்தார். இடைவேளைக்கு இடைவேளை வந்தார். அவள் சொன்னதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைத் திருத்தி நடிப்பார். ஒருநாளும் அவள் அவரைப் புகழ்ந்ததில்லை. ஜனங்கள் புகழ்ந்தால் அதை மட்டும் அப்படியே சொல்வாள். ஊரெல்லாம் புகழ்கிற ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு வாய் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

நாடகம் ஓய்ந்தது. கூண்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஆணியும் திருகாணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அரங்கத்தில் வேறு வேறு நாடகங்கள் வந்து போயின, டீக் கடை மட்டும் இருந்தது. இந்த வருஷம் புதிதாக வந்த மேனேஜர் பழைய ஃபைலைப் புரட்டி, மணிக்கூண்டை மறுபடி மேடையேற்றினால் என்ன என்று யோசித்தார். கூண்டுக்காரரைப் பெண்ணின் அப்பா வேஷத்துக்குக் கேட்டார். அப்படியானால் ஏணியில் ஏறுவது யார் என்று கேட்டார் இவர். இளம் நடிகர் ஒருவரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். பழைய கதாநாயகன் இல்லாவிட்டால் போஸ்டரில் போட ஒன்றுமில்லை என்பதால் மேனேஜர் இறங்கி வந்தார். சனி ஞாயிறுகளில், மதியம் ஓர் ஆட்டம், சாயங்காலம் ஓர் ஆட்டம் என்று பேச்சு முடிந்தது. கதாநாயகியாக, இருபத்தாறு வயதில் அருமையான குரலோடு ஒரு பெண் வந்தாள். அவள் பிறந்தபோது கூண்டுக்காரர் ஆணி எடுத்துக் கொடுக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அறுபத்திரண்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம். தலைக்கும் மீசைக்கும் மை. இறுக்கமான நீல நிறக் கால்சட்டை. பழைய உடுப்பை அளவுக்கு வைத்துத் தைத்ததில் வயிற்றுப் பக்கம் மட்டும் துணி விட்டுக் கூட்ட வேண்டியிருந்தது.

முதல் மதிய ஆட்டத்தன்று என்ன நடந்தது என்பதை டீயக்கா தன் டீயிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். பழைய பழக்கத்தில் ஏணிப் பாட்டின் முதல் அடிக்குப் பாலை ஏற்றி, கோப்பைகளை நிறைத்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. பாட்டு முடியவில்லை. கீபோர்டுக்காரர் அதே இரண்டு வட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். டீயின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது. உள்ளே யாரோ மாடிப் பகுதியிலிருந்து ‘எட்டு’ என்று கத்தினார்கள். ஒரு சிரிப்பு. பிறகு இரண்டு மூன்று பேராக ‘ஒன்பது’ என்றார்கள். பதின்மூன்றுக்கு வரும்போது அரங்கம் முழுக்க ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தொன்பதுக்கு எழுந்த ஆரவாரத்தில் கதவின் கண்ணாடி அதிர்ந்தது.

வந்த கூட்டம் ஆறிய டீயைக் குறை சொல்லக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் பாட்டுக்காக ஒரு தடவை வரலாம், கிழவனுக்காக இன்னொரு தடவை வரலாம் என்றான் ஒருவன். அந்தப் பெண்ணுக்குத் தாத்தா மேல் காதல் வந்ததுதான் நாடகத்திலேயே பெரிய நடிப்பு என்றான் அவன் சிநேகிதன். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றாள் ஒரு கல்லூரிப் பெண். அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஒரு மதியத்தைச் சந்தோஷமாகக் கழித்தார்கள், அவ்வளவுதான். கடைசியாக, நன்றாக உடுத்திய ஒரு வயதான அம்மாள் கோப்பையைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஆளை மனசுக்குள் வைத்திருந்தாளாம். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பாகத்துக்கு உள்ளே போகாமல் வாசல் பக்கம் நடந்துவிட்டாள்.

வேஷம் மாற்றும் அறையில் அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். மார்பு மேலும் கீழும் ஏறி இறங்கியது. முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. டீயை வாங்கிக்கொள்ளவில்லை.

“எதுக்கு எண்ணினாங்க?” என்றார்.

அவருடைய வாழ்க்கையில் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே வாய் அவளுடையது. அந்த வாயைத் திறந்தாள். அவருடைய கண்ணைப் பார்த்தாள். முப்பது வருஷத்துப் பழக்கம் அந்த இடத்தில் முறிந்தது.

“தாளம் போடுறாங்க,” என்றாள். “ஒவ்வொரு படிக்கும் உங்க கூடவே ஏறுறாங்களாம். அப்படித்தான் பேசிக்கிறாங்க.”

அவர் அழுதுவிட்டார். அந்தக் காலத்தில்கூட இப்படி நடந்ததில்லை என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். சொன்னது அவள் என்பதால் அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை.

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதற்குத் தினம் தண்ணீர் ஊற்றுவதுதான் பாடு. சபை தன்னோடு சேர்ந்து ஏறுகிறது என்று தெரிந்ததும் கூண்டுக்காரர் அதற்கேற்ப நடிப்பை மாற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு படியிலும் பாதத்தை அழுத்தி வைத்து எண்ணிக்கைக்கு இடம் விட்டார். பதினாலாவது படியில் நின்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் காதருகே வைத்து, சத்தம் போதாது என்று ஜாடை காட்டினார். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, அதையும் அவர் உற்சாகம் என்றே எடுத்துக்கொண்டார். அவர்கள் வீடு மாடியில் இருந்தது, ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. அதில் காலையும் சாயங்காலமும் ஆறு தடவை ஏறி இறங்கிப் பழகினார். கீழே குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருப்பவளை அழைத்து எண்ணச் சொல்வார். அவள் எண்ணுவாள். ராத்திரி படுக்குமுன் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். வீங்கியிருந்த காலைத் தேய்க்கும்போது, எவனோ ஒருவன் முதன்முதலில் ‘எட்டு’ என்று கத்தினானே, அவன் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

முதல் ஆட்டம் முடிந்ததுமே மேனேஜர் அவளிடம் வந்து, அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லி அப்பா வேஷத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். சொல்கிறேன் என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றாள். நாலாவது வாரம் மேனேஜரே வந்து, தயவுசெய்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். டிக்கெட் ஜன்னலில் வரிசை தெருமுனைவரை நின்றது. கூட்டம் கூட்டமாக எண்ணுவதற்கென்றே வந்தார்கள். முதலில் சொல்ல மனமில்லாமல் இருந்தாள், இப்போது சொல்ல வழியுமில்லாமல் போயிற்று.

கதாநாயகிப் பெண்ணும் ஒரு மதியம் வெந்நீர் வாங்க வந்தவள் போகாமல் நின்றாள். நல்ல பெண். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

“நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்துப் பாடணும்கா. அவர் கால் நடுங்குறது எனக்குத்தான் கிட்டத்துல தெரியுது. எனக்கு நிஜமாவே அழுகை வந்துடுது,” என்றாள். “அதப் பாத்துட்டு, ஏணிக் காட்சில என் நடிப்பு பிரமாதம்னு பேப்பர்ல எழுதியிருக்காங்க.”

யாராவது அவரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டாள். டீயக்கா வெந்நீரில் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுத்து, தொண்டையைப் பார்த்துக்கொள் என்று அனுப்பினாள்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மாடிப்படியில் பழகிக்கொண்டிருந்த அப்பாவை நிற்காமல் கடந்து வந்திருந்தாள், அவர் ஏறி இறங்கும் தடதடச் சத்தம் கேட்டது.

“இன்னிக்கு ஒருத்தர் கைல ஊசி ஏத்திட்டு இருக்கேன். அந்த ஆளு இன்னொரு கைல போனப் பாத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. கைய ஆட்டாதீங்க, நரம்பு தப்பிடும்னு சொன்னேன். நீங்களும் பாருங்கன்னு திருப்பிக் காட்டினாரு.” மகள் தோள்பையை மேடைமேல் வைத்தாள். “பாத்தா, நம்ம அப்பா. பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு ஏணில தொங்குறாரு. கீழ எண்ணுறாங்க. ஊசிய எடுக்காம அப்படியே நின்னேன்.”

டீயக்கா அடுப்பைத் தணித்தாள்.

“உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அவருக்கு?”

“தாளம் போடுறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

மகள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபத்தைவிட மோசமான பார்வை அது. புகுந்த வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்களாம், அவள் அறைக்குள் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல், இல்லாவிட்டால் அன்று ராத்திரி நானே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்றாள். அதற்குள் அவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, மகள் வந்த சந்தோஷத்தில், நாடகத்துக்கு எப்போது வரப்போகிறாய், சபை எப்படித் தாளம் போடுகிறது தெரியுமா என்று கேட்டார். வருகிறேன்பா என்று சொல்லிவிட்டு மகள் கிளம்பிப் போனாள்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டமும் முடிந்தன. நாலு முறை வாயெடுத்து நாலு முறையும் விழுங்கினாள். ஞாயிறு காலை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை நாள் மற்றவர்கள் வாயால் கேட்டதுதானே. கண்ணால் பார்த்தவள் இல்லையே. ஒருவேளை அவ்வளவு மோசமாக இல்லாமல் இருக்கலாம், ஜனங்கள் கொஞ்சம் ஏற்றித்தான் பேசுவார்கள். போய்ப் பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். முங்கப் போகிறவளுக்குக் கையில் கிடைத்த துரும்பு அது, அவளுக்கும் அது தெரியும். டிக்கெட் கிழிக்கும் அம்மாளைக் கடையில் நிறுத்தி, பால் எப்போது ஏற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, விளக்கு அணைந்த பிறகு மூன்றாவது வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல் அரை மணி நேரம் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. பெண் பாடினால் உடம்பு சிலிர்த்தது. அவரும் தூரத்திலிருந்து பார்க்க மோசமில்லை. விறகுக்கட்டை மாதிரி நிற்கவில்லை. வசனம் பேசும்போது அந்தப் பழைய குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. இந்த ஆளை நினைத்துத்தானா நான் பயந்தேன் என்று நினைத்தாள்.

ஏணி வந்தது.

அவர் முதல் படியில் காலை வைத்ததும் அவளைச் சுற்றிலும் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்று. இரண்டு. குறுஞ்சட்டை மேலேறி இடுப்பு ஓரத்தில் ஒட்டுத் துணி தெரிந்தது. ஏழாவது படியில் இளைப்பாறினார், பின்பக்கம் சபையைப் பார்த்து நின்றது. பக்கத்து இருக்கைப் பெண் முன்பின் தெரியாத இவளுடைய முழங்கையைப் பிடித்து, பதினாலில் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது என்றாள். அவள் கையை உதறவில்லை. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலு.

அவர் நின்றார். சபை அடங்கிக் காத்திருந்தது. ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையைக் காதில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து, புருவத்தை உயர்த்தித் திரும்பினார். அந்த முகம் அவளுக்குத் தெரியும். வீட்டில் குளிக்கப் போய்விட்டு, துண்டு எடுத்துப் போக மறந்து, குளியலறைக் கதவிலிருந்து தலையை நீட்டி, நான் கேட்டது காதில் விழுந்ததா இல்லையா என்று பார்க்கிற முகம். அதே முகம், மை பூசிய மீசையோடு, அறுநூறு பேருக்கு மேலே, ஏணியில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுடைய சிரிப்பு கொஞ்சம் விசேஷமானது. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது சீட்டியடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் அடக்க முடியாது. அடக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்தாள். அடங்கியிருந்த அந்தச் சபையில் அவளுடைய சீட்டிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, இரண்டு தடவை.

பதினைந்தாவது படிக்குத் தூக்கிய கால் மறுபடி பதினாலுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும், தலையைத் திருப்பி, சத்தம் வந்த மூன்றாவது வரிசையில் தேடினார். கீபோர்டுக்காரர் அதே வட்டத்தை நாலு முறை வாசித்தார். இதுவும் நாடகத்தில் சேர்ந்ததென்று நினைத்த சபை அவளுடைய சிரிப்பைப் பிடித்துக்கொண்டு வெடித்தது. அவர் காதில் வைத்த கையை எடுக்கவில்லை. அதை அப்படியே அவள் பக்கமாகத் திருப்பினார். அரங்கம் இரண்டாம் முறை வெடித்தது. பிறகு மிச்சமிருந்த ஐந்து படியையும் முழங்கால் என்று ஒன்று இருப்பதையே மறந்தவர் போல விறுவிறுவென்று ஏறி, உச்சியில் நின்று சுரத்தைப் பிடித்தார். அது நடுவில் பிளந்தது. கைதட்டல் அதை மூடிவிட்டது.

வேஷம் மாற்றும் அறையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இவள் வெறுங்கையோடு போய்க் கதவோரம் நின்றாள். கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா?”

“மொத நாள்லேருந்து.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“நம்ம பொண்ணுக்கு?”

அவள் தலையாட்டினாள்.

“அப்ப, நான் ஒருத்தன்தான்,” என்றார். கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பவுடர் டப்பாவைத் திறந்து மூடினார். “நீ வேற யாருமாதிரியும் இல்லன்னுதானே உன்னைக் கட்டினேன்.”

அவளுக்குத் தரையில் விழுந்து அழ வேண்டும் போல இருந்தது. தப்புதான், வாங்க வீட்டுக்குப் போகலாம், கடையை மூடிவிடுகிறேன், இனிமேல் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றெல்லாம் சொன்னாள். இரண்டாம் பாகம் இருக்கிறதே, உள்ளே ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்றார் அவர்.

அப்போது மேனேஜர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். இப்படி ஒரு ஆட்டத்தைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று விசாரித்து, அக்காவுடையது என்று தெரிந்ததும் ஆடிப்போய்விட்டாராம். வெளியூர் அரங்கக்காரர் ஒருவர் அன்று சபையில் இருந்தார், நாற்பது ஆட்டம் கேட்கிறார், ஏணிக் காட்சியில் ஒரு துளியும் மாற்றக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. பேசிக்கொண்டே வந்தவர் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினார். இவள், அதெல்லாம் முடியாது, அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தாள்.

“நாப்பதும் பண்றேன்,” என்றார் கூண்டுக்காரர். “எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு. இவ மூணாவது வரிசைல உக்காரணும். எல்லா ஆட்டத்துக்கும்.”

மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இன்றைக்குச் சாயங்காலமே உட்காரட்டும், கடைக்கு ஆள் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

“எதுக்குங்க இது?” என்றாள். “என்னைத் தண்டிக்கிறதுன்னா வீட்ல வச்சுத் தண்டிங்க.”

அவர் மீசை மையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “அவங்கள்லாம் யாரோ ஒரு கிழவனைப் பாத்துச் சிரிக்கிறாங்க. நீ என்னைப் பாத்துச் சிரிச்சே. ரெண்டு மாசத்துல நீ எங்கிட்ட பொய் சொல்லாதது அது ஒண்ணுதான்.”

அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு, அவர் இரண்டாம் பாகத்துக்கு எழுந்து போனார்.

சாயங்கால ஆட்டம் ஆறு மணிக்கு. மூன்றாவது வரிசை ஓர இருக்கையில் ‘ஒதுக்கப்பட்டது’ என்று தாள் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் ஈரக் குடைகளோடு கூட்டம் நெருக்கியது. மதியம் நடந்ததை எப்படியோ கேள்விப்பட்டு வந்தவர்கள் இருந்தார்கள், அவள் பக்கம் விரலை நீட்டி ஏதோ பேசினார்கள். வெளியே நடையில் புது ஆள் பாலைச் சீக்கிரம் ஏற்றிவிட்டாள் போலிருக்கிறது, பால் அடிப்பிடிக்கிற வாசனை கதவிடுக்கில் வந்தது. எழுந்து போய் அடுப்பை அணைக்கக் கால் துடித்தது. போக முடியாது.

ஏணி வந்தது. எண்ணினார்கள். அவர் மதியத்தைவிட மெதுவாக ஏறினார். பதினாலில் நின்றார். கையைக் காதுக்குக் கொண்டுபோனார். சபையைப் பார்க்கவில்லை, நேராக அவளைப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீபோர்டுக்காரர் வட்டத்தைத் திரும்ப வாசித்தார். மறுபடி வாசித்தார். கதாநாயகிப் பெண் கீழே நின்று அண்ணாந்தபடி இருந்தாள், அவள் கன்னம் நனைந்திருந்தது. முன் வரிசைக்காரர்கள் திரும்பி டீயக்காவைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ஆனால் நீலத் துணிக்குள் அந்த இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியது அவளுக்குத் தெரிந்தது. தினம் தைலம் தேய்க்கிறவளுக்குத்தான் தெரியும், இன்னும் இரண்டு வட்டம், அதற்கு மேல் அந்தக் கால் நிற்காது. அவரும் அதை அறிவார். இருந்தும் கையை எடுக்கவில்லை. அவள் சிரிக்கும்வரை ஏறுவதாக இல்லை.

குளியலறைக் கதவை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. மதியம் பார்த்த முகத்தை நினைத்தாள். அழுகைதான் வந்தது, அதை அழுத்தினாள். நடுக்கம் தொடைக்கு ஏறியது. தோளைத் தானாகவே குலுக்கினாள். வாயைத் திறந்து, மூச்சை வேண்டுமென்றே உள்ளே இழுத்து, அந்தச் சீட்டிச் சத்தத்தை வரவழைத்தாள். இன்னொரு தடவையும் வரவழைத்தாள். அறுநூறு பேரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிரித்துத் தீர்த்தார்கள்.

அவர் மட்டும் சற்று நேரம் அவளையே பார்த்தார். அது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு, காலைத் தூக்கிப் பதினைந்தாவது படியில் வைத்தார். சபை எண்ணியது. அவளும் சேர்ந்து எண்ணினாள்.